தொப்பிப் பெட்டியும் ரெண்டு சூட்கேஸும்

எம்லின் வில்லியம்ஸ் என்ற நாடகாசிரியர் எனக்கு அறிமுகமானது காலேஜ் நாடகத்தில். அவருடைய 'நைட் மஸ்ட் ஃபால்' போட்டோம், எனக்கு நடிக்க வராது என்பதால் மேடைச் சாமான் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். கதையில் டேனி என்கிற பையனிடம் ஒரு தொப்பிப் பெட்டி இருக்கும், உள்ளே வெட்டிய தலை என்று எல்லோருக்கும் சந்தேகம், ஆனால் கடைசிவரை திறந்து காட்டவே மாட்டார்கள். தொப்பிப் பெட்டிக்கு நான் எங்கே போவேன்? ஸ்வீட் ஸ்டால் அட்டைப்பெட்டிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டி, கனமாக இருக்கட்டுமே என்று உள்ளே ஒரு தேங்காயைப் போட்டேன். டேனி அதைத் தூக்கியதும் தேங்காய் உருண்டு 'டொக்' என்றது பாருங்கள், முன்வரிசை கப்சிப்.

1935-ல் லண்டன் டச்சஸ் தியேட்டரில் டேனியாக நடித்ததும் வில்லியம்ஸேதான். வேல்ஸ்காரர், வெல்ஷ் பேசும் வீடு, ஒரு டீச்சர் விடாப்பிடியாகப் படிக்கவைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். (அந்த டீச்சரை வைத்துத்தான் 'தி கார்ன் இஸ் கிரீன்' எழுதினார்.)

ரொம்ப வருஷம் கழித்து நடைபாதைக் கடையில் அவருடைய 'பியாண்ட் பிலீஃப்' கிடைத்தது. 1967-ல் வந்தது. இயான் பிராடி, மைரா ஹிண்ட்லி என்ற ஜோடி மான்செஸ்டர் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைக் கொன்று சாடில்வொர்த் மூர் மேட்டில் புதைத்த நிஜ வழக்கு, 1966-ல் செஸ்டரில் விசாரணை நடந்தது. ஹிண்ட்லியின் ஜெபப் புத்தக முதுகுக்குள் ஒரு லக்கேஜ் சீட்டு செருகியிருந்தது. போலீஸ் அதை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனால் ரெண்டு சூட்கேஸ். உள்ளே போட்டோக்கள், பத்து வயசுப் பெண் கெஞ்சுகிற டேப். எனக்கு அந்தத் தேங்காய்ச் சத்தம்தான் ஞாபகம் வந்தது, புத்தகத்தை மூடிவிட்டு ரெண்டு நாள் தொடவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. யாரும் கேட்டிராத பேச்சையெல்லாம் இவர் ஊகித்து, காட்சி காட்சியாக எழுதிவிடுகிறார். நாடகக்காரர் கை சும்மா இருக்குமா, சரி. ஆனால் பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது அந்தப் பிள்ளைகளின் கதைக்கு வசனம் எழுதுவதா? பெட்டியைத் திறக்காமலே பயமுறுத்தத் தெரிந்தவர் இவர். கோர்ட்டுக்குப் போனது மூன்று கொலை. இன்னும் ரெண்டை அந்த ஜோடி ஒப்புக்கொண்டதே எண்பதுகளில்தான். அதில் ஒரு பெண்ணின் உடலை 1987 ஜூலையில் தோண்டி எடுத்தார்கள், செப்டம்பரில் வில்லியம்ஸ் இறந்துபோனார்.

புத்தகத்தை எங்கள் 'டேனி'க்குப் படிக்கக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.