மலை ஈரத்துக்குக் கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி தாங்குமா? எதைப் பார்த்து வாங்குவது?

கோத்தகிரிக் காற்று:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே கொஞ்சம் தேயிலை, வீட்டைச் சுற்றி சில பேரி, பிளம்ஸ் மரங்கள். சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி எப்போதும் கிடக்கும். உர மூட்டைத் தையலைப் பிரிக்க, சணல் அறுக்க, பழம் நறுக்க, குளிர்காலத்தில் ஒட்டுக்குச்சி சீவ என்று எல்லாவற்றுக்கும் அதுதான். இப்போது இருப்பது ஆன்லைனில் வாங்கிய எவர்சில்வர் அலகு. துரு பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பெருமை, தீட்டி முடித்து ஒன்றிரண்டு மூட்டை பிரித்தாலே திரும்ப மழுங்கிவிடுகிறது. மூட்டும் ஆட ஆரம்பித்துவிட்டது.

அதனால் பழைய பாணியில், முதுகில் ஸ்பிரிங், பிடியின் இரண்டு பக்கமும் மரமோ எலும்போ, கார்பன் ஸ்டீல் அலகு என்று ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் அடிக்கிற மழைக்கும் மூடுபனிக்கும் அது தாங்குமா? ஒரு அலகு போதுமா, இரண்டு வேண்டுமா? நல்ல வேலைப்பாடு என்பதைக் கையில் எடுத்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தில் பார்த்தால் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கிறது.

பழைய சாணை (குன்னூர்):

தாங்குமா என்று கேட்கிறீர்களே, உங்கள் தோட்டத்துக் கவாத்துக் கத்தி என்ன எவர்சில்வரா? அதுவும் கரி ஏறிய எஃகுதான், மழையிலேயே வேலை செய்து மழையிலேயே வீட்டுக்கு வருகிறது. துடைத்து வைப்பவன் கத்தி பிழைக்கும், அவ்வளவுதான்.

எஃகின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்கக் கத்திகளில் 1095 என்று போட்டிருப்பார்கள், கிட்டத்தட்ட 0.95 சதவீதம் கரி, குரோமியம் கிடையாது, பூடகம் ஒன்றும் இல்லை. பழுக்கக் காய்ச்சித் தோய்த்த பிறகு சுமார் 200 டிகிரியில் பதமாக்குகிறார்களே, அதை ஒழுங்காகச் செய்தால் சாதாரண எஃகும் நன்றாக வெட்டும், சொதப்பினால் விலை உயர்ந்த எஃகும் வெட்டாது. பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் 2006-இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி 1095-இல் பழைய பாணிக் கத்திகள் செய்கிறது, நேர்த்தி அதிகம், விலையும் அதிகம். அதே மாநிலத்துக் கேஸ் கம்பெனியில் சி.வி. என்று ஒரு வகை உண்டு, கொஞ்சம் குரோமியமும் வெனேடியமும் சேர்த்த கார்பன் ஸ்டீல், கறுக்கும் ஆனால் தீட்டுவது சுலபம். சிக்கனமாக வேண்டும் என்றால் பிரான்சின் ஒப்பினெல், 1890-லிருந்து வருகிறது, எட்டாம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர். அதில் முதுகு ஸ்பிரிங் கிடையாது, கழுத்தில் திருகுகிற வளையம்தான் பூட்டு, அதனால் நீங்கள் கேட்கிற பாணி அது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது. அலகைத் திறந்து வைத்து, கத்தியின் முதுகை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கேதான் நாளைக்குத் தண்ணீரும் மண்ணும் போய் உட்காரும். அப்புறம் அலகை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், மேல் கீழாக அசைவே இருக்கக் கூடாது. மூடும்போது முனை பிடிக்குள் முழுக்கப் புதைய வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் பாக்கெட் கிழியும், தொடையும் கிழியும்.

பலர் விட்டுவிடுகிற சோதனை ஒன்று இருக்கிறது. பிடியின் பள்ளத்துக்குள், ஸ்பிரிங்கின் மேல் படியும்படி மெல்லிய காகிதத் துண்டை வைத்து அலகைச் சாதாரணமாக மூடித் திறந்து பாருங்கள். காகிதத்தில் வெட்டு விழுந்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் ஸ்பிரிங்கில் போய் இடிக்கிறது என்று அர்த்தம். எத்தனை தீட்டினாலும் அந்த ஒரு இடம் மட்டும் மொண்ணையாகவே இருக்கும், ஆள் எஃகைத் திட்டிக்கொண்டு இருப்பார். உங்கள் பழைய கத்தியையும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுங்கள்.

பண்ணைக்காட்டான்:

சாணை அண்ணன் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. உர மூட்டை பிரிக்கிற கத்தியால் ஒட்டுக்குச்சி சீவுவதா? பழனி மலையில் நாங்கள் காப்பிக்கு நடுவில் வெண்ணெய்ப்பழத்துக்கு ஒட்டுக் கட்டுகிறோம், அந்தக் கத்தியைப் பிள்ளைகள் பென்சில் சீவக்கூடக் கொடுக்க மாட்டேன். ஒட்டுக் கத்தியில் ஒரு பக்கம்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை, அப்போதுதான் வெட்டுமுகம் சமமாக வந்து குச்சியும் தாயும் இடைவெளி இல்லாமல் ஒட்டும். பாக்கெட் கத்தி இரண்டு பக்கமும் சாய்த்தது, சீவும்போது வெட்டு வளைந்து போகும். நோய் பரவுவது தனிக் கதை. அதற்குத் தனியாக ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை.

அப்புறம் துரு. மூடுபனியைக் குறை சொல்கிறோம், உண்மையில் பாக்கெட் கத்தியைத் தின்பது உரம். பொட்டாஷ் என்று நாம் போடுவதே பெரும்பாலும் குளோரைடு உப்புதான். அந்த மூட்டையைப் பிரித்த அலகில் ஒட்டிய தூள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மடக்கிப் பையில் போட்டால் மறுநாள் காலையில் மூட்டுப் பக்கம் சிவந்திருக்கும். ஆகவே இரண்டு அலகு வாங்குங்கள், ஒன்று மூட்டைக்கு, ஒன்று வாயில் வைக்கிற பழத்துக்கு. வேலை முடிந்ததும் உரம் பட்ட அலகை ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். வெறும் காய்ந்த துணி உப்பை எடுக்காது.

பழைய சாணை (குன்னூர்):

ஒட்டுக் கத்தி விஷயத்தில் தம்பி சொன்னதுதான் சரி. இரண்டு அலகு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஒரே பள்ளத்தில் பக்கம் பக்கமாக இரண்டு அலகு படுக்கும்போது ஒன்றையொன்று உரசாமல் இருக்கக் கொஞ்சம் வளைத்துத்தான் பொருத்துவார்கள், வேலை தெரியாத இடத்தில் செய்தால் உரசல் கோடு விழும். ஒன்று இந்த முனையிலும் இன்னொன்று அந்த முனையிலும் திறக்கிற வகையில் பார்க்கலாம், அதிலும் மடக்கிய நிலையில் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பெரிய அலகு முனை கூரான சாதா வடிவம், சின்ன அலகு வெட்டும் ஓரம் நேர்கோடாக இருக்கிற வடிவம் என்றால் சணலும் தோலும் அறுக்கச் சுகம்.

கோத்தகிரிக் காற்று:

உரம்தான் காரணம் என்று தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. ஒட்டுக்குத் தனிக் கத்தி என்று முடிவாகிவிட்டது. எண்ணெய் மட்டும் சொல்லுங்கள், வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது, அதையே மூட்டில் விடலாமா?

தொட்டபெட்டா அடிவாரம்:

விடாதீர்கள். நம் ஊரில் தை மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகத்தான் நிற்கிறது, சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். மூட்டுக்குள்ளும் அதேதான். ஸ்பிரிங் சோம்பிப்போய் அலகு பாதியில் நிற்கும், நீங்கள் கத்தி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் நாள்பட்டால் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் மூட்டுக்கு ஒரு சொட்டு போதும். பழம் நறுக்குகிற அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கிற லிக்விட் பாரஃபின் தடவுங்கள், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது.

அலகு கறுக்கிறதே என்று பயந்து தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பேரிக்காய் நறுக்கினால் முதலில் நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக வரும், அப்படியே விடுங்கள், அந்தக் கறுப்புப் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். அவசரம் என்றால் நம்மிடம் தேயிலைக்கா பஞ்சம்? பால், சர்க்கரை இல்லாமல் டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, எண்ணெய்ப் பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவிய அலகை மட்டும் அதில் முக்கி வையுங்கள். இரும்பும் டானினும் சேர்ந்து கருநீலமாக ஏறும், சில மணி நேரம் போதும். மூட்டு முங்க வேண்டாம். விரலால் தொட்டால் சிவப்பாக ஒட்டுவது துரு, அதை எண்ணெயும் சாம்பலும் போட்டு உடனே எடுத்துவிடுங்கள்.

தோலுறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கிற பழக்கம் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பையிலேயே கிடந்து தினமும் கையில் படுகிற கத்திதான் நன்றாக இருக்கிறது.

பண்ணைக்காட்டான்:

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அரிவாளுக்கு அவர் கில்லாடி, ஆனால் மெல்லிய அலகு அந்த வேகச் சக்கரத்தில் சட்டென்று சூடேறும், ஓரத்தில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஹார்ட்வேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ் என்று கல் விற்கிறார்களே, அது போதும். தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் இழுத்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக உருவினால் முடிந்தது. கார்பன் ஸ்டீலின் சுகமே இங்கேதான் தெரியும், சீக்கிரம் ஏறும்.

இன்னொன்று. முதுகு ஸ்பிரிங் கத்தியில் பூட்டு கிடையாது, அலகைத் திறந்து நிறுத்துவது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். முனையால் குத்தித் துளை போடுவது, நெம்புவது எல்லாம் வேண்டாம், விரலில் மூடிவிடும்.

நெடுஞ்சாலை (கூடலூர்):

ஒப்பினெல் பக்கம் மனம் போனால் ஒரு தகவல். அதன் பிடி ஒரே துண்டு பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரம், எங்கள் ஊர் ஆனி, ஆடி மழையில் ஊதி அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், நகம் போட்டு இழுத்தாலும் வராது. வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் அடிப்பக்கத்தை மேஜை விளிம்பில் தட்டினால் அலகு தலையை நீட்டும், அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். வெயில் வரும் நாளில் நன்றாகக் காயவைத்து, மூட்டுப் பள்ளத்துக்குள் மெழுகு தேய்த்து வைத்தால் தொல்லை குறையும். கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் என்பதால் உங்களுக்கு இந்தக் கஷ்டம் சில வாரம்தான்.

பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கிற ரகத்தை மட்டும் தொடாதீர்கள், செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லி மாளாது. கோயம்புத்தூரில் விமானம் ஏறுகிற அன்றைக்கு கத்தி பெரிய பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பி வராது.