ஒன்றரைக் கிலோ இறக்கினால் மூன்றாவது ரவுண்டில் கை ஓய்ந்துவிடுமா?

கோட்டையூரான்

பையனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வருடமாகக் காரைக்குடியில் குத்துச்சண்டை பழகுகிறான். இன்னும் பன்னிரண்டு நாளில் மதுரையில் போட்டி. 57 கிலோ பிரிவில் பெயர் கொடுத்தாச்சு, நேற்றுக் காலையில் எடை பார்த்தால் 58.4. வீட்டு மெஷினை நம்பாமல் தெரிந்தவர் அரிசிக்கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம், அதுவும் அதையேதான் காட்டுகிறது. கோச் "ஒன்றரைக் கிலோ எல்லாம் ஒரு விஷயமா, கடைசி ரெண்டு நாள்ல வேர்க்க வச்சு இறக்கிடலாம்" என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 60 கிலோவுக்குப் போனால் இவனைவிட நெட்டையான, கை நீளமான பையன்கள் வருவார்கள்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், போன தடவையும் இப்படித்தான் ஒரு கிலோ இறக்கிவிட்டு ரிங்கில் ஏறினான். முதல் ரவுண்டு அருமையாக ஆடினான், மூன்றாவதில் முகத்தை மறைக்கிற கை (கார்டு) கீழே இறங்கி, முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கினான். தோற்றது பெரிசில்லை. அது எடை இறக்கியதாலா, பயிற்சி போதாததாலா என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போதாக்குறைக்கு வீட்டில் வரும் வாரம் ஒரு விசேஷம், கந்தரப்பமும் சீயமும் சுட்டு அடுக்குகிறார்கள். இவன் அந்த வாசனைக்கு நடுவில் வளவில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஸ்கிப்பிங் போடுகிறான். "பிள்ளையைப் போயி வத்தலாக் காயப்போடுறியேடா" என்று எங்க ஆத்தா என்னைத்தான் திட்டுகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிராவயல் சிங்கம்

அண்ணே, சும்மா பயப்படாதீங்க. மேரி கோம் 2018-ல் போலந்து போட்டிக்குப் போனபோது விடியற்காலையில்தான் போய் இறங்கினார், 48 கிலோ பிரிவுக்கு இரண்டு கிலோ கூடுதல், எடை பார்க்க நாலு மணி நேரம்தான் இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் போட்டு இறக்கி, அந்தப் போட்டியில் தங்கமும் வாங்கினார். அவரே சொன்னதுதான். மல்யுத்தத்தில் வினேஷ் போகத்தை எடுத்துக்குங்க, 2024 பாரிஸில் உடம்பை உருக்கி 50 கிலோவுக்கு வந்து, அன்றைக்கே ஜப்பானின் சுசாகியைச் சாய்த்தார், அந்த அம்மா அதுவரை வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் தோற்றதே கிடையாது. இதில் பலவீனம் எங்கே இருக்கு? மனசு திடமா இருந்தா போதும்.

தேவகோட்டை இடதுகை

தம்பி, வினேஷ் கதையில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டாயே. அன்றைக்கு மூன்று சண்டை ஜெயித்தார், நடுவில் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததில் எடை திரும்ப ஏறிவிட்டது, ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓடி, வேர்த்து, முடியை வெட்டி, அப்படியும் மறுநாள் காலையில் 100 கிராம் கூடியிருந்தது. ஃபைனலுக்கே விடவில்லை. நம்ம அமெச்சூர் குத்துச்சண்டையிலும் உனக்குச் சண்டை இருக்கிற நாளெல்லாம் காலையில் தராசில் ஏறணும். ஒரு தடவை இறக்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கணக்கு உதைக்கும். செமி, ஃபைனல் என்று போகப் போக ஒவ்வொரு ராத்திரியும் பட்டினி.

நான் ஆடின காலத்தில் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஊரணியைச் சுற்றி ஓடுவேன். வாயில் புளிப்பு மிட்டாயைப் போட்டுக்கொண்டு பேப்பர் கப்பில் துப்பிக்கொண்டே இருப்பேன், எச்சிலும் எடைதானே. அப்படி ரெண்டு கிலோ இறக்கி, காலை ஏழு மணிக்கு எடை காட்டிவிட்டு, ஆறு இட்லியும் ரெண்டு லிட்டர் தண்ணீரும் உள்ளே தள்ளிவிட்டுப் பதினோரு மணிக்கு ரிங்கில் ஏறினேன். முதல் ரவுண்டில் புலி. இரண்டாவதில் வயிற்றில் ஒன்று விழுந்தது, உள்ளே போன தண்ணீரெல்லாம் களக் என்றது. மூன்றாவதில் என் கை இரண்டும் அடுத்தவன் கை மாதிரி இருந்தது, ஜாப் (முன்கைக் குத்து) போடணும் என்று நினைக்கிறேன், கை வர மாட்டேன் என்கிறது. உங்க பையனுக்கு நடந்ததும் அதேதான், படித்ததும் தெரிந்துவிட்டது.

அதற்காக மேல் பிரிவுக்குப் போனால் ஜெயித்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். நான் போனேன், அங்கேயும் தோற்றேன், எதிராளி அவ்வளவு உயரம். ஆனால் மூன்று ரவுண்டும் நின்று தோற்றேன்.

பள்ளத்தூர் பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட், விளையாட்டுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். அண்ணன், எத்தனை கிலோ என்பதைவிட அதை உடம்பில் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

வேர்த்து இறக்கினால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள தண்ணீர். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தம் குறையும், அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கும், உடம்புச் சூடும் சரியாக வெளியேறாது. உடல் எடையில் இரண்டு சதவீதம் அளவுக்குத் தண்ணீர் போனாலே தாக்குப்பிடிக்கும் சக்தி குறையத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. உங்க பையனுக்கு அது ஏறக்குறைய 1.2 கிலோ. கோச் வேர்வையில் எடுக்கச் சொல்வது 1.4. ஒரே ஒரு குத்தின் பலம் அவ்வளவாகக் குறையாது, அதனால்தான் முதல் ரவுண்டில் எல்லாரும் புலி. திரும்பத் திரும்பக் குத்தி, நகர்ந்து, மறுபடி குத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும். போன தடவை ஒரு கிலோதான் என்றாலும், கூடவே பட்டினியும் கிடந்திருப்பான் என்றால் தசையில் இருந்த மாவுச்சத்தும் காலி. அது முழுசாக நிரம்ப ஒரு நாள் பிடிக்கும், எடை பார்த்து மூன்று நாலு மணி நேரத்தில் மணி அடித்துவிடுவார்கள்.

இப்போதைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறதே, அது நல்ல விஷயம். தினமும் வழக்கத்தைவிட 400 கலோரி குறைத்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கொழுப்பே இறங்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சாப்பிடுவதில் கை வைக்காதீர்கள், பொரித்தது, இனிப்பு, ராத்திரி இரண்டாவது தடவை சோறு, இவற்றில் குறையுங்கள். ஊறுகாய், வற்றல், அப்பளம், உப்புக்கண்டம் எல்லாவற்றையும் கடைசி அஞ்சு நாள் தள்ளி வைத்தால் உப்போடு சேர்ந்து நிற்கும் தண்ணீர் தானாகக் கொஞ்சம் போகும். கடைசி இரண்டு நாள் கீரை, கொண்டைக்கடலை, கவுனி அரிசி வேண்டாம், வெள்ளைச் சோறு, முட்டை, தயிர் போதும். நாரில்லாத சாப்பாட்டில் குடலில் நிற்கும் சக்கை குறையும், அதுவே அரைக் கிலோ வரை வரும், அதனால் பலம் ஒன்றும் போகாது. தண்ணீரை நிறுத்தவே வேண்டாம்.

எடை பார்த்ததும் கடகடவென்று குடிக்கவிடாதீர்கள். ஓஆர்எஸ் அல்லது உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், கால் மணிக்கு ஒரு டம்ளர். கூடவே வாழைப்பழம், இட்லி, கொஞ்சம் கொஞ்சமாக.

ஒன்று கேட்கணும். வீட்டில் பெரியவர்கள் யாராவது பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார்களா? பிள்ளைகள் அதை எடுத்துப் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஃபுரோசமைடு மாதிரி மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருக்கின்றன, அது ஒரு பக்கம். உடம்பில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

கண்டனூர் நாக்அவுட்

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. 1980-ல் முகமது அலி லேரி ஹோம்ஸுடன் மோதியபோது ஹெவிவெயிட்டில் எடை வரம்பே கிடையாது, ஆனாலும் தைராய்டு மாத்திரை போட்டு இளைத்துவிட்டு வந்தார். பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ரிங்கில் ஒன்றுமே இல்லை, பத்து ரவுண்டோடு அவர் மூலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் தொழில்முறையில் எடை இறக்குகிறவனுக்கு ஆபத்தைவிட லாபம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். 2000-ல் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ காட்டி 141 பவுண்டுக்கு எடை காட்டிவிட்டு மறுநாள் சுமார் 160 பவுண்டாக ரிங்கில் ஏறினார். எதிரே நின்ற ஜோயி கமாஷ் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், மூளையில் காயம், அதோடு அவர் ரிங் பக்கமே ஆடப் போகவில்லை. ஐபிஎஃப் என்கிற தொழில்முறை அமைப்பு தன் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலையும் எடை பார்த்து, பிரிவு வரம்பைவிடப் பத்து பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்திருந்தது இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான்.

தேவகோட்டை இடதுகை

அவர்களுக்கு ஒரு நாள் முழுசாகக் கிடைக்கிறது தம்பி, நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். நம்ம பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம். அந்தக் கதையை இங்கே ஒட்டாதே. இறக்கின பாதிப்பு இறக்கினவனுக்கே விழுகிற இடம் இது.

கோட்டையூரான்

எல்லாருக்கும் நன்றி. பிசியோ தங்கச்சி கேட்டதைப் படித்ததும் எழுந்துபோய் ஆத்தாவுடைய மாத்திரை அட்டையை எண்ணினேன். நாள் கணக்குப்படி சரியாக இருந்தது. ஆனாலும் பையனைக் கூப்பிட்டு நேரடியாகக் கேட்டேன், "எடுக்கலப்பா, ஆனா சேர்ந்து ஆடுற ஒருத்தன் சொன்னான்" என்றான். அட்டை இப்போது என் பீரோவில்.

கோச்சிடம் பேசினேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஸ்வெட்டர் வேண்டாம், சாப்பாட்டிலேயே பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் முன்னால் காலையில் 57.5-க்கு மேல் இருந்தால் 60-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், மாற்ற முடியாது என்றால் இந்தத் தடவை போக வேண்டாம். அதற்குப் பையன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சீயத்தில் மட்டும் ஒன்று தின்றான், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறேன்.

சிராவயல் சிங்கம்

அண்ணே, மூட்டை நிறுக்கும் தராசு அம்பது கிராம் நூறு கிராம் அப்படி இப்படித்தான் காட்டும். போட்டி நடக்கிற இடத்தில் முன்கூட்டியே சரிபார்க்க ஒரு மெஷின் வைத்திருப்பார்கள், போனதும் முதல் வேலையாக அதில் ஏற்றிவிடுங்க.