பீடி சுற்றும் பெண்கள் சர்வே: 16 தெருவா, 50 தெருவா?

ஆய்வு மாணவன்: வேலூர் மாவட்டத்தில் வீட்டில் பீடி சுற்றும் பெண்களில் எத்தனை சதவீதம் பேரிடம் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறது? ±5 பிழைக்குள் தெரிய வேண்டும். 95% நம்பிக்கை அளவில் மாதிரிக்கு 384 பேர் வேண்டும் என்கிறது சூத்திரம். 16 தெரு, தெருவுக்கு 25 பேர் என 400 எடுக்கலாமா? இல்லை, பீடிக் கம்பெனிக்காக வேலை கொடுத்து வாங்கும் ஏஜெண்டுகளின் பட்டியலிலேயே குலுக்கலாமா?

ஏரிக்கரை: பட்டியல் கையில இருக்கும்போது தெருத்தெருவா எதுக்கு அலையணும்? எக்செல்ல 400 ராண்டம் எண் போடு, வேலை முடிஞ்சுது.

கணக்கன்: பட்டியல் முழுசா இருந்தால் சரி சார். வேலையைப் பதியும் பாஸ்புக் மாமியார் பேரில் இருக்கும், மருமகளும் சேர்ந்துதான் சுற்றுவார். பட்டியலில் ஏறியவரிடமே அட்டை இருக்க வாய்ப்பு அதிகம். சதவீதம் ஏறித்தான் வரும். 400ஐ 4,000 ஆக்கினாலும் அந்தச் சாய்வு போகாது.

ஏரிக்கரை: சரி, தெருத்தெருவா கொத்தா எடுக்கிற கிளஸ்டரே இருக்கட்டும். 16 தெருதான் நடக்கிற காரியம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டுன்னு யாரு சுத்துறது?

கணக்கன்: அங்கேதான் இடிக்குது. ஒரு தெருவுக்கு ஒரே ஏஜெண்டாக இருந்தால், அவர் அக்கறை எடுத்திருந்தால் தெருவே அட்டை வைத்திருக்கும். இல்லையென்றால் ஒருவரிடமும் இருக்காது. அப்போது 25 பேரைக் கேட்டாலும் புதுத் தகவல் கொஞ்சம்தான்.

கொத்தாக எடுப்பதால் மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதே டிசைன் எஃபெக்ட். ஒரே தெருவில் இருப்பவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு ஐசிசி. டிசைன் எஃபெக்ட் = 1 + (தெருவுக்கு எத்தனை பேர் − 1) × ஐசிசி. ஐசிசி 0.15 என்று வைத்தால் 25 பேருக்கு 4.6. உங்கள் 400, சமவாய்ப்பில் எடுத்த 87க்குத்தான் சமம், பிழை ±10.5. அதே 400ஐ 50 தெருவில் எட்டெட்டாக எடுங்கள்: 2.05, பிழை ±7. ±5 கட்டாயம் என்றால் எட்டு பேர் வீதம் 99 தெரு.

ஏரிக்கரை: அந்த 0.15 எங்கிருந்து வந்துச்சு? தடுப்பூசி சர்வேயில 30 கொத்து, ஏழேழு குழந்தைன்னு உலகமே செஞ்சுதே.

கணக்கன்: 0.15 என் அனுமானம். முன்னோட்டத்தில் பார்த்துத் திருத்தணும். 30×7 கேட்டதே ±10தான் சார், தம்பி கேட்பது ±5.

பாலாறு: ரெண்டு பேரும் சட்டகத்தை, அதாவது மாதிரி எடுக்கும் மூலப் பட்டியலை, விட்டுட்டீங்க. 2011 சென்சஸின் பகுதிப் பட்டியல் பழைய வேலூர் மாவட்டத்துக்கானது. 2019ல் பிரித்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயாச்சு, ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்குப் போயாச்சு. முதலில் அந்த இரண்டு புது மாவட்டங்களின் பகுதிகளையும் நீக்கிவிட்டு, மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தத்தை 50ஆல் வகுத்து இடைவெளி எடுங்கள். தொடக்க எண் மட்டும் குலுக்கலில். அங்கிருந்து அந்த இடைவெளி விழும் பகுதிகளே உங்கள் 50.

தேர்வான பகுதியில் வீட்டை அல்ல, சுற்றும் பெண்களைப் பட்டியலிடுங்கள். கதவு திறந்தவரிடம் கேட்டுவிட்டு வராதீர்கள். 60 பேர் இருக்கும் இடத்திலும் எட்டு, 10 பேர் இருக்கும் இடத்திலும் எட்டு என்றால், 60 பேர் இடத்தில் ஒருவர் அதிகம் பேருக்காகப் பேசுகிறார்; அதற்கேற்ப எடை போட்டே ஆகணும், அதனால் மொத்த எண்ணிக்கையைக் குறிக்க மறக்காதீர்கள். ஒருவருமே இல்லாத தெரு வந்தால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பக்கத்துத் தெருவுக்குத் தாவினால் கணக்கு கெட்டது.

ஏரிக்கரை: 50 இடத்துல பட்டியல் எடுக்கவே மாசம் ஓடிடும். ஒருத்தரைப் பிடிச்சு அடுத்தவரைக் கேட்கிற ஸ்னோபால் போதாதா?

கணக்கன்: அதில் யாருக்கு என்ன வாய்ப்பு என்பதே தெரியாது, ± போடவே முடியாது. கேள்வித்தாளை வடிவமைக்கும் ஆரம்பக் கட்டத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வு மாணவன்: அப்போ 50×8. திட்டத்தில் உத்தேசப் பிழை ±7 என்று போட்டு, முன்னோட்டத்தில் ஐசிசி பார்த்துத் திருத்திவிடுகிறேன் சார்.