புதுப்பிப்பு: கோவை செக்-இன் கவுண்டரில் அம்மாவை அவமதித்த விவகாரம்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: கோத்தகிரியிலிருந்து கோவை போய் விமானம் ஏறப் போனோம். அம்மா எப்போதும்போல வெள்ளை முண்டும் தலையில் துண்டும் கட்டியிருந்தார். பை 16 கிலோ, வரம்பைவிட ஒரு கிலோ கூடுதல். முன்னால் நின்றவருக்கு இதே ஒரு கிலோவை விட்டுக்கொடுத்த ஊழியர், எங்களிடம் பணம் கேட்டார். "ஃபிளைட்ல போய் பழக்கம் இருக்கா?" என்று அம்மாவிடம் ஒரு கேள்வி வேறு.

முதலில் விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று அச்சடித்த மாதிரி ஒரு பதில், அவ்வளவுதான்.

வேலை செய்தது இங்கே ஒருவர் சொன்ன ஏர்சேவா யோசனைதான். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளம் அது, செயலியும் உண்டு. போர்டிங் பாஸ், கூடுதல் எடைக்கான ரசீது, கவுண்டர் எண், நேரம் எல்லாம் சேர்த்துப் பதிந்தேன். "மரியாதையில்லை" என்று பொதுவாக எழுதாமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொன்னீர்களே, அது நல்ல யோசனை.

பன்னிரண்டாம் நாள் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி கூப்பிட்டார். எதிர்பாராதது, அம்மாவிடமே பேச வேண்டும் என்றார். தமிழில்தான் பேசினார். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை, "வயசுக்காவது மரியாதை கொடுங்க" என்றார். மறுநாள் எடைக்கட்டணம் திரும்ப வந்தது, மன்னிப்புக் கடிதமும் வந்தது.

ஆனால் பாகுபாடு நடந்ததாக அதில் ஒரு வரி இல்லை, "நடத்தைக் குறைபாடு" என்றுதான் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

அப்புறம், பையில் இருந்த ஊட்டி வர்க்கி பாதி தூளாகிவிட்டது. அதற்கு யாரிடம் புகார் கொடுப்பதாம்!