கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில்னு புத்தகத்துல போட்டிருக்கு, கடையில ஜிஎல்-5 குடுக்கறாங்க. ஊத்தலாமா?

உல்சூர்_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர டிரைவ், அஞ்சு கியர், 64,000 கி.மீ. ஓடியிருக்கு. காலையில கிளம்பினதும் முதல் ரெண்டு மூணு சிக்னல் வரைக்கும் ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்குத் தள்ளினா லிவர் தடுத்து நிக்குது. சூடானதும் சரியாயிடுது. கியர் ஆயில் இதுவரைக்கும் மாத்தினதில்ல. வண்டிப் புத்தகத்துல 75டபிள்யூ-80, ஜிஎல்-4னு இருக்கு. பெங்களூர் ஜே.சி. ரோட் கடையில கேட்டா 80டபிள்யூ-90 ஜிஎல்-5 எடுத்து நீட்டி, "இது அதைவிட ஒசத்தி சார்"ங்கறாங்க. ஊத்தலாமா? எத்தனை லிட்டர் வாங்கணும்? கூட ஏதாவது சேர்க்கணுமா?

ஸ்பேனர்_செட்:
வாங்காதீங்க குமரன். ஜிஎல்ங்கறது கியர் ஆயில் எந்த வேலைக்குன்னு சொல்ற வகை எண், நம்பர் ஏறினா தரம் ஏறுதுன்னு அர்த்தம் இல்ல. ஜிஎல்-5 ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்குன்னு வந்தது. டிஃபரன்ஷியல்ங்கறது ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கற பகுதி, ஹைபாய்டுங்கறது அதுல வர்ற ஒரு பல்லு வகை. அங்க பல்லும் பல்லும் கடும் அழுத்தத்துல ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கித் தேயும். அதைத் தாங்கத்தான் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4ல இருக்கறதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு போடறாங்க. உங்க வண்டியில டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸுக்குள்ளயே இருந்தாலும் பல்லு ஹெலிக்கல், அதாவது சாய்வா வெட்டின வகை. அதுக்கு ஜிஎல்-4 தாராளம்.

பிரச்சினை ரெண்டு இருக்கு. பலர் முதலாவதை மட்டும்தான் சொல்வாங்க: வீரியமான கந்தகம் பித்தளையை அரிக்கும், கியர் மாத்தும்போது வேகத்தை ஒத்து வர வைக்கற சின்க்ரோ வளையம் பெரும்பாலும் பித்தளை. இது உண்மைதான், ஆனா மெதுவா நடக்கறது. இப்ப வர்ற சில ஜிஎல்-5 ஆயில்ல கந்தகத்தோட வீரியத்தைக் கட்டுப்படுத்தியும் வெச்சிருக்காங்க. கம்பெனி குடுக்கற டேட்டா ஷீட்ல செப்புத் தகடு சோதனை (ஆயில் செம்பை எவ்வளவு அரிக்குதுன்னு பார்க்கறது) 1ஏ, 1பின்னு இருந்தா அரிப்புக்குப் பெரிசா பயப்பட வேண்டாம்.

ரெண்டாவது உடனே தெரியும். சின்க்ரோ வளையம் கியர்ல இருக்கற கூம்பு மாதிரியான கோனைக் கவ்விப் பிடிச்சாதான் கியரும் ஷாஃப்டும் ஒரே வேகத்துக்கு வரும். வளையத்தோட உள்பக்கம் மெல்லிய வரிகள் ஓடும் பாருங்க, அது ஆயில் படலத்தை வெட்டிக்கிட்டு உலோகத்தைத் தொடறதுக்கு. ஆயில் வழவழன்னு இருந்தா கவ்வாது, வழுக்கும். வேகம் ஒத்து வர்றதுக்குள்ள நீங்க லிவரைத் தள்ளினா கர்ர்னு சத்தம். அதனால கூட எதையும் சேர்க்காதீங்க. உராய்வைக் குறைக்கும்னு விக்கற டப்பா எல்லாமே இந்த இடத்துல எதிரி.

கேஆர்புரம்_டீசல்:
மேலே சொன்னதோடு பாகுத்தன்மை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை பற்றியும் ஒன்று. 75டபிள்யூ-80 என்பதில் டபிள்யூ சேர்ந்த எண் குளிரில் உள்ள நிலைக்கு, அடுத்த எண் சூட்டில் உள்ள நிலைக்கு. கியர் ஆயிலின் எண்ணும் இன்ஜின் ஆயிலின் எண்ணும் வெவ்வேறு அளவுகோல். கியர் ஆயில் 90 என்றால் 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. அது இன்ஜின் ஆயிலில் கிட்டத்தட்ட 40க்கும் 50க்கும் சமம். கியர் ஆயில் 80 அதே சூட்டில் 11ஐத் தாண்டாது. "90ஆ, தார் மாதிரி இருக்குமே" என்று பயப்படவும் வேண்டாம், "80க்கும் 90க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று விடவும் வேண்டாம்.

75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரிக்கும், 80டபிள்யூ என்பது மைனஸ் 26க்கும் வைத்த அளவு. பெங்களூரில் ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரிதான், அந்தக் குளிர் நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் 15 டிகிரியிலும் 80டபிள்யூ-90 மினரல் ஆயில் 75டபிள்யூ-80ஐவிட நன்றாகவே கெட்டியாக இருக்கும். கெட்டி ஆயில் வளையத்துக்கும் கோனுக்கும் நடுவிலிருந்து சீக்கிரம் விலகாது. உங்கள் புகாரே குளிர்ந்த நிலையில் செகண்ட் விழவில்லை என்பதுதான். அதில் 80டபிள்யூ-90 ஊற்றினால் இன்னும் மோசமாகும். 75டபிள்யூ-80 கிடைக்காவிட்டால் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 பார்க்கலாம், வண்டிப் புத்தகம் அதையும் அனுமதித்தால்.

ஹோண்டாக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஹோண்டாவின் கியர் பாக்ஸ் ஆயிலான எம்டிஎஃப் தனி. அது கிடைக்காதபோது தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று ஹோண்டா கையேடுகள் சிலவற்றிலேயே இருக்கிறது.

மத்திகெரே_மணி:
ஆயில் வாங்கறதுக்கு முன்னாடி கிளட்சைப் பாருங்க தம்பி. இன்ஜின் ஐடிலிங்ல ஓடட்டும், கிளட்சை முழுசா மிதிச்சு மூணு நாலு செகண்ட் பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. பல வண்டியில ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. அவ்வளவு பொறுத்தும் கர்ருன்னா கிளட்ச் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் முழுசாப் பிரிக்கலைன்னு அர்த்தம், எந்த ஆயில் ஊத்தினாலும் தீராது. இன்ஜினை ஆஃப் பண்ணி எல்லா கியரும் போட்டுப் பாருங்க. அப்பவும் லிவர் இறுக்கமா இருந்தா லிவரோட கேபிள், அதுல வர்ற புஷ் பக்கம் தேடணும். மிதியடி சுருண்டு கிளட்ச் பெடலுக்கு அடியில மாட்டிக்கறதும் உண்டு, சிரிக்காதீங்க.

மாத்தறது இப்படி. பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, ஆயில் இளகும். வண்டி நாலு பக்கமும் சமமா இருக்கணும். முன்பக்கம் மட்டும் ஜாக்கியில தூக்கினா லெவல் தப்பாக் காட்டும். ஸ்டாண்ட் போடாம அடியில போகாதீங்க. ஆயில் ஊத்தற ஃபில்லர் போல்ட்டை முதல்ல கழட்டுங்க, அப்புறம்தான் ஆயில் வடிக்கற டிரெயின் போல்ட். ஆயிலை வடிச்சிட்டு ஃபில்லர் சிக்கிக்கிச்சுன்னா வண்டி நகர முடியாது. சில வண்டியில போல்ட் தலை சதுரக் குழியா இருக்கும், 3/8 ராட்செட் முனையே நேரா உள்ள போகும்.

டிரெயின் போல்ட்ல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறத்துல மை மாதிரி பூசியிருக்கும், அது சாதாரணம். விரல்ல குத்தற மாதிரி துண்டு வந்தா பல்லோ பேரிங்கோ போயிருக்கு, ஆயில் மாத்தறதோட நிறுத்தாதீங்க. வடிஞ்சதை அளந்து வைங்க. குறைவா வந்தா, சக்கரத்தைச் சுத்தற டிரைவ்ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள்ள போற இடத்துல ஆயில் சீல் ஈரமா இருக்கான்னு பாருங்க.

வாஷர் ரெண்டும் புதுசு போடுங்க. டிரெயினை இறுக்கிட்டு, ஃபில்லர் ஓட்டைக்கு ட்யூப் விட்டு, ஓட்டை வழியா ஆயில் வழியற வரைக்கும் ஊத்துங்க. சொட்டு நின்னதும் மூடிடலாம். இந்த அளவு பாக்ஸ்ல பொதுவா 2ல இருந்து 2.5 லிட்டர் பிடிக்கும், 3 லிட்டர் வாங்கினா போதும். "இருக்கட்டும்"னு மேல ஊத்தாதீங்க, நுரை கட்டும், சீல் வழியா கசியும்.

உல்சூர்_குமரன்:
ரொம்ப நன்றி. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது, அப்ப ஆயில்தான். ஒரு டப்பாவுல "ஜிஎல்-4/ஜிஎல்-5"னு ரெண்டும் போட்டிருக்கு, அது பரவாயில்லையா? மாமா கிட்ட பொலேரோ இருக்கு, மிச்சத்தை அதுல ஊத்தலாமா?

ஸ்பேனர்_செட்:
ரெண்டும் போட்டிருந்தா உள்ள இருக்கறது ஜிஎல்-5 அளவு சேர்மானம். செப்புச் சோதனை நல்லா இருந்தாலும் வழுக்கல் பிரச்சினை போகாது. தனி ஜிஎல்-4 கிடைக்கும்போது அது எதுக்கு? பொலேரோ பின்சக்கர டிரைவ், அதுல கியர் பாக்ஸ் வேற, பின் ஆக்ஸில் வேற. ஆக்ஸில்ல ஹைபாய்டு, அங்கதான் ஜிஎல்-5 கட்டாயம். உங்க ஜிஎல்-4 மிச்சத்தை அதுல ஊத்தினா பல்லு தேஞ்சிடும்.

மத்திகெரே_மணி:
வடிச்ச ஆயிலை சாக்கடையில விடாதீங்க. மூடி போட்ட கேன்ல எடுத்துட்டுப் போனா பழைய இன்ஜின் ஆயில் சேர்க்கற கராஜ்லயே வாங்கிப்பாங்க. செகண்ட் கியர் சரியாகறதுக்கு நூறு கிலோமீட்டராவது ஓடணும், முதல் நாளே தீர்ப்பு சொல்லாதீங்க.