ஜெஃபர்சன் கவுண்டி பள்ளி வாரியப் போராட்டம்: தகவல் தந்து உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரை ஒட்டியுள்ள ஜெஃபர்சன் கவுண்டியின் பள்ளி வாரியப் போராட்டம் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அங்கே 2013 தேர்தலில், பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அந்த வாரியத்தின் ஐந்து இடங்களில் மூன்றைப் பழமைவாதிகள் பிடித்தனர். உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்க வரலாற்றுப் பாடம் தேசப்பற்றையும் அதிகாரத்தின் மீதான மதிப்பையும் வளர்க்க வேண்டும், சட்டமீறலை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கில் அதை ஆராயக் குழு அமைக்கும் முன்மொழிவு 2014 செப்டம்பரில் அவர்கள் தரப்பிலிருந்து வந்தபோது, நூற்றுக்கணக்கான மாணவர்கள் வகுப்புகளிலிருந்து வெளிநடப்புச் செய்தனர். 1773இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து, சட்டத்தை மீறி, பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதைக் கொண்டாடும் நாட்டில் இப்படியொரு நிபந்தனை எழுந்தது விந்தைதான். 2015 நவம்பரில் வாக்காளர்கள் அம்மூவரையும் திரும்ப அழைத்துப் பதவியிழக்கச் செய்தனர்.

ஆசிரியர்களின் ஊதிய உயர்வைச் செயல்திறன் மதிப்பீட்டோடு இணைத்ததும் அங்கே கடும் அதிருப்தியை உண்டாக்கியிருந்ததால், வரலாற்றுப் பாடம் மட்டுமே அந்தத் தோல்விக்குக் காரணம் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அக்காலத்தில் அப்பகுதியில் வசித்தவர்களோ, பிள்ளைகளை அங்கே படிக்க வைத்தவர்களோ இக்குழுவில் இருந்தால், திரும்ப அழைக்கும் வாக்கெடுப்புக்காகப் பெற்றோர் கையெழுத்து திரட்டிய விதத்தையும் அவர்கள் முன்வைத்த வாதங்களையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாரியக் கூட்டக் குறிப்புகளையோ அந்நாளைய துண்டறிக்கைகளையோ பகிர முடிந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.