பழைய கிராபிக்ஸ் கார்டு அனுபவங்கள்: எம்எக்ஸ் 440ஆ, எஃப்எக்ஸ் 5200ஆ?

குன்னூர் உறுப்பினர்:
பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரை மூடினப்போ, ஏஜிபி கார்டுகளை (பழைய வகை ஸ்லாட்டுல சொருகுற கிராபிக்ஸ் கார்டு) எல்லாம் எடைக்குப் போட இருந்தாங்க. மனசு கேக்கல, வாங்கிட்டு வந்துட்டேன். 2002-ல வந்த ஜிபோர்ஸ்4 எம்எக்ஸ் 440-ம், 2003-ல வந்த ஜிபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200-ம் அதுல இருந்துச்சு. ஒரே பென்டியம் 4 போர்டு, ஒரே ரேம், எக்ஸ்பி. மாத்தி மாத்திச் சொருகிப் பார்த்தேன்.

க்வேக் 3 கேமோட டைம்டெமோவுல (பதிவான ஆட்டத்தை முழு வேகத்துல ஓட்டி அளக்குற சோதனை) பழைய 440தான் முந்துது. ஜிடிஏ வைஸ் சிட்டி கேம்லயும் அப்படித்தான்; மழை பெய்யுற நேரத்துல 5200 திணறுது. காரணம் மெமரி பஸ், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல டேட்டா போற பாதையோட அகலம். என் 440-க்கு 128 பிட், என் 5200-க்கு வெறும் 64 பிட். சிப் புதுசா இருந்து என்ன? பர்லியார் ரோட்டுல ஒரு பக்கம் மண் சரிஞ்சு ஒத்த வழியா வண்டி விடுற கதைதான். 128 பிட் 5200-ம் உண்டு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி கார்டைத் திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கம் மட்டும் கால் உள்ள நீளமான மெமரி சிப், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து நாலுதான் இருந்தா பெரும்பாலும் 64 பிட். எட்டு இருந்தா 128.

ஆனா 440-ல பிக்சல் ஷேடர் (ஒளி, நிற எஃபெக்டுகளைப் புள்ளி புள்ளியா கணக்குப் போடுற வசதி) கிடையாது. பேருதான் ஜிபோர்ஸ்4, உள்ள இருக்கிறது ஜிபோர்ஸ்2 வம்சம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சாண்ட்ஸ் ஆஃப் டைம் அதுல எடுக்கவே எடுக்காது. 5200-ல ரெசல்யூஷனைக் குறைச்சு நிம்மதியா விளையாடலாம். அந்த ஒரு கேமுக்காகவே 5200-ஐப் பத்திரமா வெச்சிருக்கேன்.

ஊட்டி உறுப்பினர்:
அருமை தம்பி. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி கார்டோட தங்கக் கால்களைப் பென்சில் ரப்பரால தேய்ச்சீங்களா? மலையில பரண்ல கிடந்த கார்டுன்னா ஈரம் ஏறியிருக்கும். என்கிட்ட இருந்த டிஎன்டி2-ன்னு ஒரு பழைய கார்டு திரை முழுக்கக் கோடு கோடா காட்டுச்சு. ரப்பர் போட்டதும் தெளிஞ்சுடுச்சு. கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கான்னும் பாருங்க. அப்புறம், குளிர் ஊருதானேன்னு ஃபேனைக் கழட்டாதீங்க. நம்ம உயரத்துல காத்து அஞ்சுல ஒரு பங்கு லேசு, சூட்டை அள்ளிட்டுப் போற சக்தியும் அந்த அளவுக்குக் குறைவுதான்.

கொடைக்கானல் உறுப்பினர்:
எங்க மாமாவோட வூடூ2 கார்டு இன்னும் ஓடுது அண்ணா, 1998 சரக்கு, 12 எம்பி. அது 3டி கேமுக்கு மட்டும்தான், சாதாரண டெஸ்க்டாப் திரையைக் காட்டுற 2டி கிடையாது. இன்னொரு கார்டுலேர்ந்து பின்னாடி கேபிள் இழுத்து இணைக்கணும். அதே வருஷத்து ரிவா டிஎன்டியோட வெச்சுப் பார்த்தேன். டிஎன்டியில 32 பிட் நிறம் உண்டு, 800x600-க்கு மேலயும் போகலாம். ஒத்த வூடூ2 அந்த 800x600-லயே நின்னுடும், நிறமும் 16 பிட்தான். ஆனாலும் அன்ரியல் கேமை கிளைடுல (வூடூ கார்டுகளுக்கே உரிய கிராபிக்ஸ் மென்பொருள்) ஓட்டும்போது வூடூ2-ல வர்ற வழவழப்பு எனக்கு டிஎன்டியில கிடைக்கல. அந்தக் கேமுக்கு என் ஓட்டு வூடூவுக்குத்தான்.

குன்னூர் அண்ணா, 128 பிட் 5200 சிக்கினா அதே டைம்டெமோவை ஓட்டிட்டுச் சொல்லுங்க.